கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"சிஸ்டம் ஆன் ஆகவில்லை" என்று சொல்கிறவரிடம் "அமுக்கினால் என்ன ஆகிறது?" என்று திருப்பிக் கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருவருக்கு ஃபேன்கூடச் சுற்றாது. இன்னொருவருக்கு ஃபேன், விளக்கு எல்லாம் வரும், திரை மட்டும் கருப்பாக இருக்கும். வேறொருவருக்கு விண்டோஸ் வரை வந்து, புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றும் வேறு வேறு கோளாறு. மூன்றையும் பார்த்து "மதர்போர்டு போயிருக்கும்" என்று ஒரே முடிவு கட்டிவிடுவதால்தான் நல்ல போர்டுகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன, வீட்டுக்காரர் பல ஆயிரம் ரூபாய் வீணாகச் செலவழிக்கிறார்.

ஸ்விட்சை அமுக்கியதும் நடப்பது ஒரு தொடர் ஓட்டம். மதர்போர்டு, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்டுகளை நிலைநிறுத்திவிட்டு, அரை நொடிக்குள் "மின்சாரம் சீராகிவிட்டது" என்று பதில் சிக்னல் அனுப்பும். அதன் பிறகே பிராசசர் விழித்து, போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கும். ரேமைச் சோதிக்கும், கிராஃபிக்ஸைத் தேடும், கீபோர்டு, டிஸ்க் என்று வரிசையாகப் போய், கடைசியில் விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும். ஓட்டம் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால், அதற்கு முந்தைய கட்டங்களைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். திரையில் கம்பெனி லோகோ வந்துவிட்ட மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்கிறவர் இந்த வரிசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கையில் வேண்டியவை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், சாதாரண மல்டிமீட்டர், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். கேபினெட்டைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எந்த வயரைக் கழற்றினாலும் அதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் ஏசி அதற்குள் 325 வோல்ட் டிசியாக கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கக்கூடும், ஆளைக் கொல்லும்.

அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை

ஃபேன் அசையவில்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அப்படியானால் உள்ளே கை வைப்பதற்கு முன் வெளியே பாருங்கள். ஸ்பைக் பஸ்டரையும் யுபிஎஸ்ஸையும் விட்டுவிட்டு, வேறு சாமான் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுவர் பாயிண்டில் நேராகச் சொருகிப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் சில சமயம் கரண்ட் இருக்கும்போதும் வெளியே எதையும் விடாது. பவர் கேபிளை மானிட்டரின் பவர் கேபிளோடு மாற்றிப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே வகைதான். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். வீடு துடைக்கும்போது கை பட்டு அது பூஜ்யம் இருக்கும் பக்கம் போயிருந்தால் மெஷின் செத்த மாதிரியே கிடக்கும்.

இதெல்லாம் சரியென்றால், அடுத்த சந்தேகம் கேபினெட்டின் பவர் பட்டன். அது மலிவான ஒரு அழுத்து ஸ்விட்ச். நாலைந்து வருடத்தில் உள்ளே தேய்ந்துவிடும். அந்தப் பட்டனிலிருந்து வரும் இரட்டை வயர், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். போர்டிலோ வயரின் முனையிலோ "பவர் எஸ்டபிள்யூ" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, மின்சாரம் கொடுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டு ஊசிகளையும் ஒரே ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். சிஸ்டம் ஓடத் தொடங்கினால் பட்டன்தான் கோளாறு. புதுப் பட்டன் கிடைக்கும்வரை ரீசெட் பட்டனின் வயரை அங்கே மாட்டிக்கொள்ளலாம், வேலை ஓடும்.

அப்படியும் எழவில்லையா? இப்போது எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா என்று பிரிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இதை ஊகிக்க வேண்டியதே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய 24 பின் கனெக்டரைப் போர்டிலேயே விட்டுவிட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை கேபினெட்டின் இரும்பில் வைத்து, சிவப்பு முனையை கனெக்டரின் முதுகுப்பக்கமாக வயருக்குள் மெல்ல இறக்குங்கள். முதலில் ஊதா வயர். பிளக் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் இதில் 5 வோல்ட் இருந்தே ஆக வேண்டும். 4.75க்குக் கீழே இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ, 24 பின்னைப் போர்டிலிருந்து கழற்றி, கழற்றிய கனெக்டரிலேயே மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் வருகிறது என்றால் போர்டு அதைக் கீழே இழுக்கிறது, அங்கே ஷார்ட்.

அடுத்தது பச்சை வயர். அணைந்த நிலையில் இதிலும் சில வோல்ட் காட்டும். பவர் பட்டனை அமுக்கும்போது இது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழ வேண்டும். போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புவது இப்படித்தான். பச்சை விழுந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்மேல் சந்தேகம் வலுக்கும். பச்சை அசையவே இல்லை என்றால் போர்டு சிக்னலே கொடுக்கவில்லை. இந்த ஒரே அளவில் ஆயிரக்கணக்கான ரூபாய் மிச்சமாகும்.

மீட்டர் இல்லாதவர்கள் ஒரு வளைந்த குண்டூசியாலோ துண்டு வயராலோ பச்சையையும் பக்கத்துக் கருப்பையும் இணைத்துப் பார்ப்பது வழக்கம். கனெக்டரை எல்லாப் பாகங்களிலிருந்தும் கழற்றிவிட்டு, பிளக்கை எடுத்த நிலையில் இணைத்து, அதன் பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். லோடு குறைவாக இருந்தால் ஃபேனைச் சுற்றவிடாத எஸ்எம்பிஎஸ்கள் இப்போது நிறைய வருகின்றன; ஃபேன் நின்றிருக்கிறது என்பதற்காக அதைச் செத்தது என்று தள்ளிவிடாதீர்கள். ஃபேன் சுற்றிவிட்டது என்பதற்காக நல்லது என்றும் நம்பிவிடாதீர்கள். ஃபேனைச் சுற்ற வைக்கும் பலம் இருந்தும் பிராசசரைத் தாங்கும் பலம் இல்லாதவை உண்டு. ஓடும்போது மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். வயர் எல்லாமே கருப்பாக இருக்கும் கேபிளில் பின்னை எண்ணித் துணிய வேண்டாம். அந்தக் கம்பெனி தரும் பின் படத்தை வைத்துச் செய்யுங்கள்.

இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் எழுகிறது, ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் காய்ந்துவருகிறது. கொஞ்ச நாளில் முழுதாக நின்றுவிடும். ஓடும்போதே டேட்டாவை எடுத்து வைத்துவிட்டு, புதியதற்குச் சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? அநேகமாக அது எஸ்எம்பிஎஸ் கோளாறு இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கசியும் சொற்ப கரண்டை எர்த் வயரில்தான் இறக்குகின்றன. மூன்றாவது பின் வெட்டப்பட்டிருந்தாலோ, இரண்டு பின் அடாப்டர் போட்டிருந்தாலோ அந்தக் கரண்ட் உடம்பு வழியாக இறங்கப் பார்க்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எர்த் சரியாக இருந்தும் அடிக்கிறது என்றால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை ஓட்டவே கூடாது.

ஃபேன் சுற்றுகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது

எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ணுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரு நொடிக்குள் "டக்" என்று நின்றால் எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. மதர்போர்டுக்குப் பின்னால் உருண்டுபோன ஒரு ஸ்க்ரூ, தேவையில்லாத இடத்தில் விடப்பட்ட பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டிக் கால்), முன்பக்க யுஎஸ்பி ஓட்டைக்குள் வளைந்து ஒன்றையொன்று தொடும் பின், எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாகப் புகுந்த பல்லி என்று எதுவாகவும் இருக்கலாம். டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அணைந்தால், போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டிமேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம் மட்டும் வைத்து முயலுங்கள். வெளியே ஓடி, கேபினெட்டுக்குள் ஓடவில்லை என்றால் கோளாறு கேபினெட்டில்.

சரியாக நாலைந்து நொடியில், ஒவ்வொரு தடவையும் அதே கணக்கில் அணைகிறதா? பவர் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. பட்டனை 4 நொடிக்குமேல் அமுக்கிப் பிடித்தால் மெஷினை வலுக்கட்டாயமாக அணைப்பது எல்லா மதர்போர்டுகளிலும் உள்ள ஏற்பாடு. அந்த வயரைக் கழற்றி, மேலே சொன்னபடி ஸ்க்ரூடிரைவரால் தொட்டு எழுப்புங்கள்.

அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் சூடு. பிராசசர் கூலரின் நான்கு ஊன்று முனைகளில் ஒன்று போர்டிலிருந்து விட்டிருக்கும், அல்லது சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு பட்டாணி அளவு புதியது வைத்து மாட்டுங்கள். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் பிராசசரில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி விட்டபின் தூக்குங்கள்.

பழைய போர்டாக இருந்தால் டார்ச் அடித்து, பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலையைப் பாருங்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை கண்ணாடிபோலத் தட்டையாக இருக்கும், மேலே கூட்டல் குறி மாதிரி ஒரு கீறல் போட்டிருக்கும். கெட்டுப்போனது அந்தக் கீறல் பிளக்க, பூரி மாதிரி உப்பி நிற்கும். சிலவற்றில் பழுப்பு நிறப் பிசின் வழிந்து காய்ந்திருக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோய்போலப் பரவியது. இப்போதைய போர்டுகளில் கீறலில்லாத திட வகை கெப்பாசிட்டர்கள் வருவதால் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. உப்பியதைச் சால்டரிங் தெரிந்தவர் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதாக மாற்றித் தர முடியும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

கடைக்காரர்கள் "நோ டிஸ்ப்ளே" என்று சொல்வது இதைத்தான். ஆன் ஆகாத மெஷின்களில் அதிகம் வருவதும் இதுதான், அதிகம் தவறாகத் தீர்ப்பு எழுதப்படுவதும் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மானிட்டர். அதன் விளக்கு எரிகிறதா, இன்புட் சரியான போர்ட்டில் இருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டின் ஓட்டையில் சொருகிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. கேபிள் கார்டில்தான் மாட்டியிருக்க வேண்டும். பெயரின் கடைசியில் "எஃப்" உள்ள இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. அவற்றில் போர்டின் எச்டிஎம்ஐ எப்போதுமே வேலை செய்யாது. அப்படிப்பட்ட மெஷினில் கார்டைக் கழற்றிச் சோதித்துவிட்டு "போர்டு காலி" என்று சொன்னால் அது தப்பான சோதனை.

அடுத்து, பிராசசருக்கு மேல் மூலையில் இருக்கும் 8 பின் அல்லது 4 பின் கனெக்டர். 24 பின் மட்டும் மாட்டியிருந்தாலே ஃபேன்கள் சுற்றும். பிராசசருக்குப் போகும் 12 வோல்ட் இந்தச் சின்ன கனெக்டர் வழியாகத்தான் வருகிறது. தூசி தட்டியபின் இதை மாட்ட மறப்பது சகஜம். நாலும் நாலுமாகப் பிரிவது பிராசசருக்கு உரியது. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரியது. மாற்றிச் சொருக முயலாதீர்கள், வோல்ட் தலைகீழாகப் போகும். கார்டில் பவர் கனெக்டர் இருந்தால் அதையும் மாட்டியே ஆக வேண்டும். கார்டு சொருகும் ஸ்லாட் 75 வாட்தான் தரும், 8 பின் கேபிள் 150 வாட் தரும்.

இப்போது ரேம். நோ டிஸ்ப்ளே என்றதும் முதலில் ரேமைக் கழற்றி மாட்டும் பழக்கம் கடைகளில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ரேமின் அடி ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிசையாக 288 தங்க முலாம் பூசிய பற்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம். அதில் ஒரே ஒரு பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு பாசி படிந்தாலும் போதும், பயாஸ் ரேம் இல்லை என்று நின்றுவிடும். கடலோர ஊர்களிலும், மழைக்காலத்தில் மூடிய அறையில் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷின்களிலும் இது அதிகம். வெள்ளை ரப்பரால் பற்களை மேலிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டிவிடுங்கள். இங்க் அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், முலாமே போய்விடும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தங்கும். ஊதும் பிளோயர் அல்லது காய்ந்த பிரஷ் போதும்.

மாட்டும்போது இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ஒற்றை ரேம் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். நிறையப் புதிய போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில்தான் பூட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் "க்ளிக்" கேட்டதும் மாட்டிவிட்டோம் என்று நினைப்போம், பூட்டில்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு கட்டைவிரல்களாலும் இரண்டு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். ஒரு ரேமில் வரவில்லை என்றால் அடுத்தது, ஒரு ஸ்லாட்டில் வரவில்லை என்றால் அடுத்தது என்று முழுச் சுற்றும் முடித்த பிறகே ரேமைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

புதிய தலைமுறை ரேமான டிடிஆர்5 உள்ள மெஷினில் இதைச் செய்தால் பொறுமை வேண்டும். ரேமை மாற்றியபின் முதல் தடவை ஆன் ஆகும்போது போர்டு ஒவ்வொரு ரேமுக்கும் டைமிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. சில நிமிடங்கள் கருந்திரைதான் இருக்கும். நடுவில் பயந்துபோய் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் தொடாமல் விட்டுப் பாருங்கள்.

போர்டே பேசுகிறதா என்றும் பாருங்கள். பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று பெயர் போட்ட நான்கு பொட்டு விளக்குகள் இருக்கும். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் நின்றுவிடுகிறதோ அந்தக் கட்டத்தில்தான் ஓட்டம் முறிந்திருக்கிறது. விளக்கு இல்லாத பழைய போர்டுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி ஊசியில் மாட்டினால் பீப் வரும். அவார்டு என்ற கம்பெனியின் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராஃபிக்ஸ். ரேமே இல்லாமல் ஆன் செய்தால் போர்டு விடாமல் பீப் அடிக்க வேண்டும். அடித்தால் நல்ல செய்தி, பிராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன. ரேமை எடுத்த பிறகும் சத்தமே இல்லை என்றால்தான் பிராசசர், போர்டு பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

அடுத்தது பயாஸ் ரீசெட். இதற்கு முன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்கிரிப்ஷன் இருந்தால், பயாஸைக் கிளறியபின் அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். புது லேப்டாப்களிலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு இன்ஸ்டால் செய்த விண்டோஸ் 11லும் உரிமையாளருக்குத் தெரியாமலேயே இது ஓடிக்கொண்டிருக்கும். போனில் அந்த அக்கவுன்ட்டுக்குள் போய்க் கீ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீ இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது.

ரீசெட்டுக்குப் பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள சிஆர்2032 காசு பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டுங்கள். கழற்றியதும் மீட்டரில் அளந்துவிடுங்கள். புதிதென்றால் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.8க்குக் கீழே போயிருந்தால் புதியது போடுங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போவதும், எஃப்1 அமுக்கச் சொல்லி நிற்பதும் இந்தப் பேட்டரி தீர்ந்ததன் அடையாளம்.

புதிதாக அசெம்பிள் செய்த மெஷின் என்றால் இன்னொரு காரணமும் சேரும். போர்டின் பயாஸ் அந்தப் பிராசசர் பிறப்பதற்கு முந்தையதாக இருக்கலாம். 2018இல் வந்த பி450 போர்டில் 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசசரைப் போட்டால், பயாஸை அப்டேட் செய்யும்வரை கருந்திரைதான். பிராசசர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. இல்லையென்றால் பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கித்தான் ஏற்ற வேண்டும்.

லேப்டாப்புக்கும் இதே வரிசைதான், வழி மட்டும் கொஞ்சம் வேறு. சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அமுக்கிப் பிடித்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஆன் செய்யுங்கள். திரை கருப்பாகவே இருந்தால், இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் மெஷின் ஓடுகிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ மாட்டினாலும் இது தெரிந்துவிடும். விளக்கு மினுக்குவதையும் எண்ணுங்கள். டெல் லேப்டாப்களில் அம்பர் 2, வெள்ளை 3 என்று மினுக்கினால் ரேம் தெரியவில்லை என்று பொருள்.

லோகோ வந்து அதோடு நிற்கிறது

கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரிண்டர், கார்டு ரீடர், பழுதான பென் டிரைவ் எதுவும் பயாஸைத் தொங்க வைக்கும். அப்புறம் டிஸ்க்குகளின் டேட்டா கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் பயாஸ் சட்டென்று திறந்தால், அந்த டிஸ்க் பதில் சொல்லாமல் மெஷினைக் காக்க வைத்திருக்கிறது.

பூட் செய்ய டிஸ்க் இல்லை என்கிறது

டெலீட் அல்லது எஃப்2 அமுக்கிப் பயாஸுக்குள் போங்கள். டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் பிரிகிறது.

பெயர் இல்லை என்றால் விண்டோஸைப் பற்றிய பேச்சே வேண்டாம். டேட்டா கேபிளை (சாட்டா கேபிள்) மாற்றுங்கள், வேறு போர்ட்டில் போடுங்கள், பவர் கனெக்டரையும் வேறொன்றுக்கு மாற்றுங்கள். போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் ஸ்க்ரூவைக் கழற்றி, சாய்வாக இழுத்து, மறுபடி சொருகி அழுத்தி முடுக்குங்கள். எஸ்எஸ்டி சாகும்போது ஹார்ட் டிஸ்க்போலச் சத்தம் போடாது. நேற்றுவரை இருந்தது இன்று பட்டியலில் இருக்காது.

பெயர் இருந்தும் பூட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் பயாஸ் செட்டிங் மாறியிருக்கிறது. காசு பேட்டரி தீர்ந்தோ ரீசெட் செய்தோ செட்டிங் பழைய நிலைக்குப் போயிருக்கும். ஜிபிடி என்ற புது முறையில் பிரித்த டிஸ்க்குக்குப் பயாஸில் யுஇஎஃப்ஐ பூட் வேண்டும், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்குக்கு லெகசி பூட் வேண்டும். டிஸ்க் கன்ட்ரோலர் செட்டிங் ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, இன்டெல் மெஷின்களில் விஎம்டி என்ற டிஸ்க் செட்டிங் ஆனிலிருந்து ஆஃபுக்கோ மாறியிருந்தால், விண்டோஸ் தொடங்கிய உடனே "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை காட்டும். முன்பிருந்த மாதிரி மாற்றினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். இதற்காக ஃபார்மட் செய்துவிட்டு அழுகிறவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு தடவைக்கு மட்டும் தேர்ந்தெடுக்க டெல், லெனோவா, கிகாபைட்டில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11.

விண்டோஸ் தொடங்குகிறது, முடிப்பதில்லை

புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது தடவை ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், சேஃப் மோட் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி எழுவது) என்று வரிசையாகப் போங்கள். சேஃப் மோடில் எழுகிறது என்றால் ஹார்டுவேர் பெரும்பாலும் நலம், புதிதாகப் போட்ட டிரைவரோ ஆன்டிவைரஸோதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான ஃபைலால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. ஒரு பாகமும் கெடவில்லை, சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழித்ததும் எழுந்தன.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தால் ரேம். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் பயாஸில் அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் போட்டு, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் தேறாது.

டிஸ்க்கிலிருந்து "டிக்... டிக்..." என்று சத்தம்

ஹார்ட் டிஸ்க் சீரான இடைவெளியில் டிக் என்று அடித்து, சுற்று குறைந்து, மறுபடி அடிக்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் மோதும் சத்தம் அது. விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓட்ட வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கச் சொல்வதைக் கேட்க வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் பூக்கும், மிச்சமும் போகும்.

சத்தம் இல்லை, மெதுவாக இருக்கிறது, பயாஸில் பெயர் தெரிகிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. வேறொரு கம்ப்யூட்டரில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச லினக்ஸ் வகைகளான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, இந்த மெஷினை அதிலிருந்து எழுப்புங்கள். இன்ஸ்டால் செய்யாமல் சோதித்துப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. டிஸ்க்கைத் திறந்து, குழந்தைகளின் போட்டோ, கணக்கு ஃபைல், சான்றிதழ் ஸ்கேன் என்று திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், சினிமாவெல்லாம் கடைசியில். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் (முழுதாக மூடாமல்) அணைந்திருந்தால் லினக்ஸ் அதை எழுதவிடாமல் படிக்க மட்டும் திறக்கும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஒரு ஃபைலில் நகல் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போங்கள், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்னும் இதே நகலை எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். நோ டிஸ்ப்ளே, ஆன் ஆகவில்லை போன்ற கோளாறுகளைப் பார்க்க டிஸ்க் தேவையே இல்லை. எதுவரை வந்து நிற்கிறது, எத்தனை நொடியில் அணைகிறது, எந்த விளக்கு எரிகிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் மேல் ஒட்டி அனுப்புங்கள்.